வெண்டைச் செடிப் புழுக்கள்

கரக், கரக் என்று துணிக்குள் நடந்து போகும் கத்தரிக்கோல் சத்தம். கல்யாணமாகிப் போகும்வரை தங்கை கண் விழித்ததெல்லாம் அந்தச் சத்தத்தில்தான். அண்ணன் தையல்காரர். 'மாஸ்டர்' என்றுதான் கடையே கூப்பிடும்.

இந்தத் தடவை பெட்டியோடு வந்து இறங்கியதும் அவள் கேட்டது வேறு.

"வலது கையால! வலது கையால எடுங்கன்னு சொல்றேன்ல? இடது கை மடியில கிடக்கட்டும்."

அண்ணியின் குரல். வீட்டுக்குப் பின்னால் நாலு வரிசை வெண்டைச் செடி. நடுவே முக்காலியில் அண்ணன், வெயிலுக்குத் தலையில் துண்டு. பக்கவாதம் வந்து எட்டு மாதம். அவருடைய வலது கை ஒரு பச்சைப் புழுவைத் துரத்திக்கொண்டிருந்தது. புழுதான் ஜெயித்தது.

"வா வா, நீயாவது சொல்லு உங்க அண்ணனுக்கு" என்றாள் அண்ணி, பையைத் தோளில் மாட்டியபடி. ஹாஸ்டல் சமையலறையில் வேலை அவளுக்கு. போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். "நான் வர்றதுக்குள்ள டப்பா நெறஞ்சிருக்கணும்."

முக்காலிக்குப் பக்கத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றிய பழைய டப்பா. பிடித்த புழுவை அதில் போட வேண்டும்.

அண்ணி தெருமுனை திரும்பும்வரை தங்கை பொறுத்துக்கொண்டாள்.

"என்னண்ணா கொடுமை இது? ஒரு மருந்தை வாங்கி அடிச்சா முடிஞ்சுபோச்சு."

"அடிக்கக் கூடாதாம். அவ சட்டம்." அண்ணன் சிரித்தார். "பேண்டுக்கு அளவெடுத்த கை பாப்பா, இப்ப புழுவுக்கு அளவெடுக்குது. நீ போய்க் குளி, போ."

குளித்துவிட்டு வந்தபோது டப்பாவில் பாதி சேர்ந்திருந்தது. பாவம், என்ன பாடு பட்டாரோ!

மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் கடைக்குப் போனாள். மருந்து வாங்கிவந்து, இலைக்கு அடியிலும் விடாமல் தெளித்தாள். மிச்சமிருந்த புழுக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

சாயங்காலம் அண்ணி வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள். செருப்பைக் கழற்றாமல் நேரே பின்பக்கம் போனாள்.

"யார் அடிச்சது?"

"நான்தான் அண்ணி. நோயாளி மனுஷனை உக்கார வெச்சு இப்படி வதைக்கறீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?"

அண்ணி பதிலுக்குக் கத்துவாள் என்று பார்த்தால், படியில் உட்கார்ந்துவிட்டாள். வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள்.

"பயிற்சி சொல்லிக்குடுக்க வந்த பொண்ணு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சின்னதா எதையாவது எடுத்துக்கிட்டே இருக்கணும்னு சொன்னா. பயறு குடுத்தேன், பாசிமணி குடுத்தேன். 'நான் என்ன பாலர் வகுப்பா?'ன்னு தட்டை வீசி எறிஞ்சார். அப்புறம் சுவரைப் பாத்துப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்ல. அந்த நேரத்துலதான் வெண்டையில புழு வந்துச்சு. 'நான் வெச்ச செடியிலயா?'ன்னு எழுந்து வந்தார். அன்னிக்குப் புழுவைக் கும்பிட்டேன்டி நான்."



"தெரியாமப் பண்ணிட்டேன் அண்ணி. புழு மறுபடி வரும்ல?"

"எங்க வருது? செடியில இருந்தது எப்பவோ தீந்துபோச்சு." அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வா எங்கூட."

எதிர்வீட்டு டீச்சர் முட்டைக்கோஸ் போட்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஊர் உலகத்துல இல்லாத அதிசயம், புழுவுக்கு இவ்வளவு கிராக்கி! நாளைக்கும் வாங்க, எடுத்து வைக்கறேன்."

திரும்பி வந்து இரண்டு பேருமாக மருந்து போக இலை இலையாகக் கழுவினார்கள். அண்ணி ஒவ்வொரு இலையாகப் புழுக்களை விட்டாள். நடுவில் ஒருதரம் நின்றபடியே கண்ணை மூடித் தூங்கிப்போய், திடுக்கிட்டு விழித்து, மறுபடி விட்டாள்.

அண்ணன் உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அண்ணி வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, அவர் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார்.

"பாப்பா, இது என்ன புழு, சொல்லு பாப்போம்?"

"வெண்டைப் புழு."

"முட்டைக்கோஸ் புழு. வெண்டை இலையை வாயில வைக்காது. பாரு, இலையில ஒரு ஓட்டை இருக்கா? எதிர்வீட்டுலேர்ந்து ரோட்டைத் தாண்டி என்னைப் பாக்க நடந்தா வருது?"

"அண்ணா! தெரியுமா உங்களுக்கு? அப்ப அண்ணிகிட்ட..."

"மூச்சு விடாதே." அவர் தெருப்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "டாக்டர் எங்கிட்டத் தனியாச் சொல்லிட்டார். இனிமே இந்தக் கை வராது. ஆனா சாயங்காலம் வந்ததும் அவ டப்பாவை எட்டிப் பாக்கறா பாரு, அந்த ஒரு நிமிஷம்தான் அவ முகத்துல களைப்பு இல்ல."

சொல்லிவிட்டு, மடியில் கிடந்த இடது கையை எடுத்து, மளமளவென்று புழுக்களைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டார். போகும்போது வலது கை முக்கால்வாசி தேறியிருந்தது என்று அண்ணி இன்றும் எல்லாரிடமும் சொல்கிறாள். தங்கையும் ஆமாம் என்கிறாள்.