பூசணிக்காய் காக்கும் கொட்டகை

லூனாஸ் வட்டாரப் பொதுமக்களுக்கு அறிவிப்பது யாதெனில், தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற திரு. சதாசிவம் அவர்கள், யார் உதவியும் யோசனையும் இன்றி, தம் பொற்கரங்களால் வீட்டின் பின்புறம் ஒரு மரக்கொட்டகை எழுப்பிக்கொண்டிருக்கிறார். நான்கு தூண்களும் மேல்சட்டமும் நிற்கின்றன. தூண்கள் ஆடாதிருக்கக் குறுக்கே அடித்திருந்த சாய்வுக் கட்டைகளை, அழகைக் கெடுக்கின்றன என்று காலையில்தான் பிடுங்கிப் போட்டிருக்கிறார். அவற்றுக்குப் பதிலாக முன்சட்டத்தின் நடுவில் ஒரு பெரிய திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிறது. கரியால் வரைந்த மீசை, குங்குமம் பூசிய நாக்கு. செம்பனைத் தோட்டத்துக்கு மேலே வானம் கறுத்து, முற்றத்து வெளிச்சம் மஞ்சளாகிறது. கோழிகள் சத்தமில்லாமல் வாழையடியில் ஒதுங்குகின்றன. காற்றில் பூசணிக்காய் மெல்ல ஆட, அதே தாளத்தில் கொட்டகையும் ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எங்கோ ஓர் ஆணி முனகுகிறது. ஏணியின் உச்சியில் கூரைத் தகரத்தைப் பிடித்தபடி சதாசிவம். கீழே தூணைக் கட்டிப் பிடித்தபடி அவர் மனைவி வாசுகி.

"அண்ணே, கட்டைய திரும்ப அடிச்சிருங்கண்ணே," என்கிறான் வேலிக்கு அப்பால் நிற்கும் பக்கத்து வீட்டு தினேஸ்வரன்.

"பூசணிக்கா கட்டியாச்சுலா தம்பி. எது வந்தாலும் அது பாத்துக்கும்."

"அது என்னையத்தான பாக்குது," என்கிறாள் வாசுகி. "எறங்குறீங்களா, நான் தூண விடவா?"

தேநீர் குடிப்பதற்காக மட்டுமே இறங்குவதாக அறிவித்துவிட்டு அவர் இறங்குகிறார். இருவரும் விலகி நிற்கும்போது காற்று பலக்கிறது. தூண்கள் நான்கும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, அவசரமே இல்லாமல் தரையில் படுக்கின்றன.

பூசணிக்காய் உடையவில்லை.