முனை அடைபடும் சத்தம்

ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையைப் பனிமூட்டம் மூடிவிட்டது. உள்ளே சத்திரசிகிச்சை மேசையின் விளக்கு மட்டும் எரிகிறது. இன்று இது ஒன்பதாவது கண். டொக்டர் லோஜினிக்குக் கழுத்து கடுக்கிறது. வாய் அகன்று கழுத்து ஒடுங்கிய உறிஞ்சு முனைகள் மத்தியானமே முடிந்துவிட்டன. மிஞ்சியிருப்பது முழுநீளமும் அகலமான நேர்முனை. கண்ணுக்குள் உடைத்த வெண்புரைத் துண்டு முனையின் வாயை அடைத்ததும் உறிஞ்சும் விசை ஏறும். துண்டு உள்ளே நழுவும் நொடியில் ஒடுங்கிய கழுத்து என்றால் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தும். இதில் தடையே இல்லை. பின்னாலுள்ள மெல்லிய சவ்வும் சேர்ந்து இழுபட்டுக் கிழியலாம். அதனால் லோஜினியின் கால் உறிஞ்சு மெசினின் பெடலில் பட்டும் படாமலும் இருக்கிறது. துண்டு வாயை அடைக்கிறது. விசையோடு மெசினின் சத்தமும் மெல்ல ஏறுகிறது. பச்சைத் துணிக்கடியில், கண் மட்டும் மரத்துக் கிடக்கும், நாற்பது வருஷம் பொகவந்தலாவையில் கொழுந்து பறித்த பேச்சியம்மா எழும்பப் பார்க்கிறாள். தலை அசைகிறது.

"பெக்டரியில சங்கு ஊதுதுங்க. கொழுந்து நிறுக்கப் போவணும்."

நர்ஸ் பெற்றீசியா இரண்டு கைகளாலும் அவள் நெற்றியைப் பிடித்துக்கொள்கிறாள். "சங்கு இல்லம்மா, மெசினு. அசையாம படுங்க."

லோஜினி காலை எடுத்துவிடுகிறாள். சத்தம் இறங்குகிறது. துண்டு விடுபட்டு மிதக்கிறது. சவ்வு கிழியவில்லை.

"துண்டைத் திரும்பப் பிடிக்கணும்மா," என்கிறாள் லோஜினி பேச்சியம்மாவிடம்.

சத்தம் மறுபடி ஏறுகிறது. இம்முறை பேச்சியம்மா அசையவில்லை. தோட்டத்து லயத்தில் அந்தச் சங்கைக் கேட்டே பிறந்து வளர்ந்த பெற்றீசியாவின் கால்தான், அவள் அறியாமலே, வாசல் பக்கம் திரும்புகிறது.