ஜெர்மன்காரன் என்ன சொன்னான்?

நீர்மூழ்கி கடலுக்குள் இறங்கி மறைந்ததுமே, ட்ரெவிக் துடுப்பைத் தூக்கி ஆக்சலின் கழுத்துக்கு நேரே நீட்டினான்.

"சிரிச்சுச் சிரிச்சுப் பேசினானே அந்த ஜெர்மன்காரன், என்னடா சொன்னான் உன்கிட்ட?"

எங்கள் கப்பல் லிவர்பூலுக்குக் கோதுமை ஏற்றிப் போனது. போர் தொடங்கிய மூன்றாம் வருடம். இரண்டு நீர்மூழ்கிகள் சேர்ந்து அடித்தன. கேப்டனும் கப்பலோடு போய்விட்டார். மிஞ்சியது ஒரு படகும் பதினோரு பேரும்.

ட்ரெவிக் மாலுமிகளின் தலைவன். ஆக்சல் ஹாலிஃபாக்ஸில் ஏறிய புது ஆள், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் டேனிஷ்காரன்.

இத்தனை பெரிய அட்லாண்டிக்கில் எங்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எவனோ காட்டிக் கொடுத்திருக்கிறான். அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவன், கப்பலின் சமையல்காரனான நான்தான். இந்த ஆக்சல் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன். இப்போது பார்த்தால், அதில் ஒரு நீர்மூழ்கி படகருகே வந்து நின்றதும், கப்பல் பெயர் கேட்ட அதிகாரிக்கு ஜெர்மன் மொழியிலேயே பதில் சொல்கிறான்!

"நான் ஜெர்மன் எல்லைப்புறத்துல பொறந்தவன். எங்க ஊர்ல நாய்க்குக்கூட ஜெர்மன் தெரியும்," என்றான்.

ட்ரெவிக் துடுப்பை இன்னும் நெருக்கினான்.

"எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றியா, நீந்தி ஊர் போய்ச் சேர்றியா?"

"தள்ளிவிடு அவனை," என்றேன் நான். அந்தக் குளிரில் கால் மணி நேரம்கூடத் தாங்கமாட்டான் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ஆக்சல் என்னையே பார்த்தான்.

"கரி மட்டமாம். நம்ம புகை அடிவானம் வரைக்கும் தெரிஞ்சுதாம். அதான் சிரிச்சான்."

கரி மட்டம்தான். அந்தப் புகைக்கு இருமாத ஆள் கப்பலில் கிடையாது. துறைமுகத்துக் கரி வியாபாரியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே ட்ரெவிக் துடுப்பைத் தண்ணீரில் போட்டு இழுக்கத் தொடங்கினான்.

எனக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. நானே போய் ஆக்சலுக்குப் பக்கத்தில் துடுப்புப் போட உட்கார்ந்தேன்.

"பொய்தானே? நிஜமா என்ன சொன்னான்?" என்று காதோடு கேட்டேன்.

இழுப்பதை நிறுத்தாமல் மெல்லச் சொன்னான்: "உருளைக்கிழங்குத் தோலும் கோஸ் இலையும் வழி நெடுக மிதந்துச்சாம். அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்களாம்."

இருட்டிய பிறகுதான் குப்பையைக் கடலில் கொட்ட வேண்டும் என்பது கேப்டனின் கண்டிப்பான உத்தரவு. நாற்றம் தாங்காமல் மூன்று நாளாக நான் விடிந்ததுமே கொட்டிக்கொண்டிருந்தேன்.

என் கை நின்றுவிட்டது.

"குனிஞ்சு இழு," என்றான் ஆக்சல். "ட்ரெவிக் உன்னைத்தான் பார்க்கறான்."