கந்தோர் வாசலில் தலைமையுரை

"மாஸ்ரர், கெதியா வாங்கோ! சனம் கந்தோரைக் கொளுத்தப் போகுது. உங்களை விட்டால் எனக்கு ஆரும் இல்லை!"

தொலைபேசியில் கெஞ்சினார் நிவாரண அதிகாரி அடைக்கலநாதன். அலுவலக வாசல் படலைக்கு வெளியே இருநூறு கடற்றொழிலாளர். அவர்களில் நாலைந்து பேரின் கையில் பெற்றோல் போத்தல்.

"யன்னலுகளைச் சாத்தட்டோ சேர்?" என்றாள் எழுதுவினைஞர் உதயகலா.

"வேண்டாம் பிள்ளை. புழுங்குது."

புயலில் வள்ளம் உடைந்தவர்களுக்கு வந்த நிவாரணம், கடலைக் கலண்டரில் மட்டும் பார்த்தவர்களின் பெயருக்குப் போயிருந்தது. கோபம் அதனால்தான்.

அரை மணித்தியாலத்தில் மானிப்பாயிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினார் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் பரமலிங்கம் மாஸ்ரர். தோளில் சால்வை, கையில் 'வன்முறை நியாயமா?' என்ற பதினெட்டுப் பக்கக் குறிப்பு. இந்த உரையை அவர் கீரிமலையிலும் நிகழ்த்தியிருக்கிறார், நெல்லியடியிலும் நிகழ்த்தியிருக்கிறார். ஒருமுறை கேட்டவர் எவரும் மறுமுறை அகப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் நெருப்பு வைப்பதென்றாலும் அதற்கொரு தலைவர் வேண்டும், நிகழ்ச்சி நிரல் வேண்டும். கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் கிறிஸ்துநாயகம் மைக்கைத் தட்டினார்.

"முதலிலை மௌன வணக்கம். பிறகு மாஸ்ரரின்ரை தலைமையுரை. மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு."

பெற்றோல் வைத்திருந்தவர்கள் போத்தலைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார்கள்.

வள்ளம் உடைந்தவர்களில் ஒருத்தியான கத்தரீனா சனத்தை விலத்திக்கொண்டு செயலாளரின் மேசையடிக்கு வந்தாள். "அண்ணை, எனக்கு ஒரு வசனம் சொல்லவேணும். ஒரேயொரு வசனம்."

"நிரலிலை உன்ரை பேர் இல்லையே, தங்கச்சி. நன்றியுரைக்கு முன்னம் ரெண்டு நிமிசம் தாறன்."

"அதுக்குள்ளை கொளுத்திப் போடுவாங்கள் அண்ணை!"

"நிரல் எண்டால் நிரல்தான்."

அவளுக்கு இருந்ததே அந்த ஒரு வள்ளம். அதற்கான நிவாரணத்தை அவள் பெயரில் வேறொருவர் கையெழுத்துப் போட்டு எடுத்திருந்தார். கந்தோர் அலுமாரியில் இருந்த அந்தக் கடதாசியை உதயகலாதான் போன கிழமை அவளுக்கு இரகசியமாகக் காட்டினாள். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். கடதாசி இருந்தால் வழக்கு உண்டு. இல்லாவிட்டால் அவள் வாய் மட்டும்தான் உண்டு.

மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். "வன்முறை என்றால் என்ன? சொல்லிலிருந்தே தொடங்குவோம்."

முன்வரிசையில் நின்ற லெனாட்டுக்குப் பொறுக்கவில்லை. "மாஸ்ரர், ஆறு மனுக் குடுத்தம். பதாகை பிடிச்சம். மூண்டு நாள் பட்டினி கிடந்தம். உந்த அதிகாரி வெளியிலை வந்து ஒரு சொல்லுக் கதைச்சவரோ? எங்கடை பிள்ளையளின்ரை சோத்தைக் களவெடுக்கிறது வன்முறை இல்லை, நாங்கள் நெருப்புப்பெட்டி எடுத்தால் மட்டும் வன்முறையோ?"

கூட்டம் அடங்கியது. கேள்வி அப்படி. நல்ல பதில் ஒன்று வந்திருந்தால் பாதிச் சனம் வீட்டுக்குப் போயிருக்கும்.

"நல்ல வினா," என்றார் மாஸ்ரர். "வன்முறை ஐந்து வகைப்படும்."

இரண்டாம் வகையில் வெயில் உச்சிக்கு வந்தது. மூன்றாம் வகைக்கு உட்பிரிவுகள் இருந்தன. சனம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. பெற்றோல் போத்தல்கள் மறுபடி கைக்கு வந்தன.

"ஐயா, சுருக்கிச் சொல்லுங்கோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "இல்லாட்டில் முதலிலை மைக்கைக் கொளுத்துவம்!" என்று இன்னொரு குரல்.

கத்தரீனா இருந்த பலமெல்லாம் சேர்த்துக் கத்தினாள். "கொளுத்தாதேங்கோ! உள்ளுக்கை..."

"கேட்டீர்களா!" மாஸ்ரரின் குரல் மைக்கில் அவளை மூடியது. "ஒரு பாமரத் தாயின் உள்ளத்திலும் அகிம்சை ஊற்றெடுக்கிறது! ஏன்? அதைப் பதினோராம் பக்கத்தில் விளக்குவேன்."

"ஐயோ, நான் சொல்லவந்தது அதில்லை!"

"உணர்ச்சிவசப்படாதே மகளே." மாஸ்ரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "உங்கள் முகங்களில் விளக்கக் குறைவு தெரிகிறது. படிப்பு வாசனை குறைந்த இடங்களில் இது வழமைதான். ஆகையால், முதலாம் வகையிலிருந்து மீண்டும்..."

லெனாட்டின் போத்தல் திரியில் நெருப்போடு பறந்தது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று. நாலும் நேரே யன்னலுக்குள் போய் விழுந்தன. அலுமாரிகளில் அடுக்கியிருந்த கடதாசி ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது.

மாஸ்ரர் சால்வையையும் மிச்சப் பக்கங்களையும் விட்டுவிட்டு ஓட்டோவுக்கு ஓடினார். யாருமில்லாத மைக்கை அப்போதுதான் கத்தரீனாவால் பிடிக்க முடிந்தது.

"என்ரை பேரிலை போட்ட கள்ளக் கையெழுத்து அதுக்குள்ளைதானேயடா இருந்தது! உங்கடையளும் அதுக்குள்ளைதானேயடா! திங்கட்கிழமை என்னத்தைக் காட்டப் போறியள்?"

லெனாட் வாசலில் தொங்கிய மண்வாளியைத் தூக்கிக்கொண்டு நெருப்பை அணைக்க ஓடினான். கூரை அதற்குள் இறங்கிவிட்டது.

பின்கதவால் எப்போதோ வெளியேறிய அதிகாரியும் உதயகலாவும் அடுத்த ஒழுங்கையில் நின்றார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"மாஸ்ரரைக் கூப்பிட்ட நேரம் பொலிசைக் கூப்பிட்டிருக்கலாமே சேர்?"

அடைக்கலநாதன் மேலெழும்பும் புகையை அண்ணாந்து பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவருடைய முகம் தெளிந்திருந்தது.

"பொலிஸ் வந்தால் சனம் கலைஞ்சிடும், பிள்ளை."