மிக்ஸிங்கில் இருக்கிறது

"ப்ராஜெக்ட்டுக்கு என்ன பேர் வைக்கட்டும்?" என்று ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு தம்பி கேட்டபோது, அக்காவை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகும் கார் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"கதைன்னு வையேண்டா."

அப்படியெல்லாம் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வைத்துவிட முடியாது. 'அக்கா_கதை_1' என்று தட்டினான். பின்னால் பத்து, இருபது என்று போகும்போது வரிசை குலைந்துவிடுமே என்று பட்டது. அழித்துவிட்டு 'அக்கா_கதை_001' ஆக்கினான்.

ஆயிரம் கதைகளுக்கு இப்போது இடம் இருந்தது. அக்காவிடம் இருந்தது ஒன்று. அதுவும் முக்கால்.

கடலைக் குடித்துத் தீர்க்கப் புறப்பட்ட யானையின் கதை அது. அப்பா தாமாகக் கட்டியது. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. சின்ன வயதில், யானை கடற்கரையை எட்டுவதற்குள் அக்காவும் தம்பியும் தூங்கிப்போவார்கள். இப்போது அக்கா சொல்லும்போது அவள் மகள் தூங்குவதில்லை. கடற்கரை வந்ததும் எழுந்து உட்கார்ந்து, "அப்புறம்?" என்பாள்.

இன்று அந்த மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு அக்கா வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். கதையையாவது முழுசாக விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"அப்பா சொன்னதைத்தான் நீ ரெகார்ட் பண்ணி வெச்சிருக்கியே. அந்தக் கடைசிய மட்டும் போட்டுக் காட்டு. கேட்டுட்டு நான் சொல்லிடறேன்."

"அது மிக்ஸிங்ல இருக்குக்கா. சத்தத்தையெல்லாம் சரி பண்ணிட்டிருக்கேன்."

"ரெண்டு வருஷமாவா? இந்நேரம் அந்த யானை குட்டி போட்டு, அது நடக்கவே ஆரம்பிச்சிருக்கும்."

அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஒலியின் தரம் நாற்பத்து நான்கா, நாற்பத்தெட்டா என்று மென்பொருள் கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று அவன் ஒலிப்பதிவு படித்த மாலை வகுப்பின் ஆசிரியர் சொல்லித்தந்திருந்தார். யானைக் கதை எதில் சேரும் என்று சொல்லவில்லை.

தாளம் நிமிடத்துக்கு நூற்றிருபது என்று தானாகவே விழுந்திருந்தது. யானை அவ்வளவு வேகமாக நடக்குமா? எழுபதாகக் குறைத்தான். கதைக்குத் தாளமே வேண்டாம் என்பது பிறகுதான் உறைத்தது.

அக்காவின் குரல் பதியவேண்டிய டிராக்குக்கு இளஞ்சிவப்பு நிறம் கொடுத்தான். பெண் என்றால் இளஞ்சிவப்புதானா என்று மனசு உறுத்தியது. பச்சையாக்கினான்.

அதற்குள் அக்காதான் சிவந்துபோயிருந்தாள். சத்தம் விழக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, மெத்தையை வேறு சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தான். பயணத்துக்கு எடுத்த புதுச் சட்டை அவள் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

இத்தனையும் முடிந்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. இதே அறைக்கு, இதே மைக்குக்கு, எல்லா அமைப்பையும் முன்பே ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைத்திருக்கிறான்!

புதிய ப்ராஜெக்ட்டை மூடினான். டெம்ப்ளேட்டிலிருந்து இன்னொரு புதிய ப்ராஜெக்ட்டைத் திறந்தான்.

அது பெயர் கேட்டது.

'அக்கா_கதை_002' என்று கொடுத்தான். முதல் கதையில் ஒரு சொல்கூடப் பதியாமல் இரண்டாவதுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

வாசலில் ஹாரன் அடித்தது.

"டேய், வண்டி வந்துடுச்சுடா!"

"ஒரே நிமிஷம்க்கா. கேபிள்ல ஏதோ இரையுது." அவன் மேஜைக்கடியில் நுழைந்தான்.

அக்காவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. விசைப்பலகையில் இருப்பதிலேயே பெரிய விசையாகப் பார்த்து ஒரு தட்டு தட்டினாள்.

ஸ்பீக்கர் பேசியது.

"செக், செக். ஒரு நிமிஷம்ப்பா, லெவல் பாத்துடறேன்."

தம்பியின் குரல். பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்.

"ஆரம்பிக்கட்டுமாடா?"

"இருப்பா, இன்னும் இல்ல."

அவ்வளவுதான். காலியான டிராக்கின் மேல் கோடு மட்டும் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டே போனது.

மேஜைக்கடியில் ணங்கென்று ஒரு தலை இடித்தது. ஆள் வெளியே வரவில்லை.

அப்பா உட்கார்ந்த அன்று அமைத்ததைத்தான் அப்படியே டெம்ப்ளேட்டாகச் சேமித்திருந்தான். சோதனைக்குப் பதிந்த துண்டை அதிலிருந்து நீக்க மறந்துபோனான். அன்று பதிந்ததே அந்தத் துண்டு மட்டும்தான். அப்பா வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு முதுகு வலிக்கிறது என்று படுக்கப் போனார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது அவர் இல்லை, இவன்.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் அந்தத் துண்டை மறுபடி ஓடவிட்டாள்.

"ஆரம்பிக்கட்டுமாடா?" என்று அப்பா மறுபடி கேட்டார்.

அக்கா எழுந்தாள். மின்விசிறியைப் போட்டாள். ஜன்னலைத் திறந்தாள். கைப்பேசியில் மகளின் பெயரைத் தேடி எடுத்து, குரல் பதியும் பொத்தானை விரலால் அழுத்திக்கொண்டு, வாயருகே பிடித்தாள்.

"கண்ணு, ஒரு காட்டுல ஒரு யானை இருந்துச்சாம். அதுக்கு ஒரு நாள் தாங்க முடியாத தாகமாம்..."

விசிறிச் சத்தம் விழுகிறது. ஹாரன் விழுகிறது. மைக்கை இவ்வளவு பக்கத்தில் வைத்தால் காற்று அடிக்கும். மேஜைக்கடியில் இருந்தவனுக்கு வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

யானை ஆற்றைக் குடித்தது, ஏரியைக் குடித்தது, போதாமல் கடற்கரைக்கு வந்தது. தும்பிக்கையைத் தாழ்த்தியது.

அக்கா நிறுத்தினாள். குனிந்து, மேஜைக்கடியில் தெரிந்த இரண்டு பாதங்களைப் பார்த்தாள்.

"அப்புறம் என்ன ஆச்சுன்னு தாத்தாவே சொல்லுவாருடா தங்கம். தாத்தா மாமாகிட்டதான் இருக்காரு. இன்னும் மிக்ஸிங் முடியலையாம்."

விரலை எடுத்தாள். கதை போய்ச் சேர்ந்தது. அவள் அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.