தரையில் அழுந்திய பக்கம்

ஒரு சொட்டு வழியாமல் டயருக்குப் பாலிஷ் போடுவதில் அவன் கில்லாடி. இன்று வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்துக் கழுவி, காயவைத்துத் தடவினான். தரையில் அழுந்தியிருந்த பக்கம் மட்டும் பாக்கி.

“கொஞ்சம் முன்னாடி எடு,” என்றான், ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த மனைவியிடம்.

கார் எதன் மேலோ ஏறி, நறநறவென்று நொறுக்கி, இறங்கியது. குனிந்து பார்த்தான். வழவழப்பான சிமெண்ட் தரை. ஒரு கல்கூட இல்லை.

“நேத்து வரும்போதும் இப்படித்தாங்க தூக்கிப் போட்டுச்சு. வேகத்தடைன்னு சொன்னீங்களே?”

தெருவில் யாராவது கேட்டார்களா என்று எட்டிப் பார்த்தான்.

“வாயை மூடிட்டுப் பின்னாடி எடுடி!”

எடுத்தாள். மறுபடியும் எலும்பு நொறுங்கும் சத்தம். சக்கரத்துக்கு அடியிலிருந்து ஓர் ஆண்குரல் முனகியது:

“நேத்தாவது ஒரே தடவையோட விட்டியேடா.”