அண்ணனுக்கென்று ஓர் எண்

"டெஸ்ட் நம்பர்தான்" என்று சொல்லிவிட்டான்.

பக்கத்து இருக்கை இன்பசெல்வி திரையைக் காட்டிக் கேட்டிருந்தாள். "இந்த ஒண்ணுக்குத்தான் தினமும் கால் வருது. மத்ததெல்லாம் சும்மா கெடக்கு. யாருது இது, கஸ்டமரா?"

பதில் சொன்ன பிறகு வாய் கசந்தது.

"அப்ப இதையும் தூக்கிடவா?"

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

சோதனைத் திட்டம் இன்றோடு முடிகிறது. தொலைபேசி எண்ணை இணைய முகவரியாக மாற்றி எழுதும் திட்டம். எண்ணைக் கடைசியிலிருந்து திருப்பிப் போட்டு, இலக்கங்களுக்கு நடுவே புள்ளி வைக்கவேண்டும். அதன் கீழே, அழைப்பு எங்கே போகவேண்டும் என்று வரிசையாக எழுதவேண்டும். முதல் வரியில் உள்ள இடத்துக்குத்தான் முதலில் போகும். அங்கே எடுக்காவிட்டால் அடுத்தது.

அந்த எண்ணின் கீழே இரண்டு வரிகள்.

முதலாவது, பேசுவதைப் பதிவு செய்துகொள்ளும் குரல் அஞ்சல். இரண்டாவது, அவனுடைய கைபேசி.

குரல் அஞ்சல் எடுக்காமல் இருந்ததே இல்லை. அது மெஷின். அதற்கு அலுப்பு வராது.

அவனுக்கு வந்தது.

கோவில்பட்டியில் அண்ணன் செண்பகராஜ் தனியாக இருக்கிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நேரம் பிடிக்கும். கேஸ் வந்தது, கரண்ட் போனது, பூனை குட்டி போட்டது, எல்லாவற்றுக்கும் தம்பியைக் கூப்பிடுவார். மீட்டிங் நடுவே கூப்பிடுவார். இவன் போனைக் கவிழ்த்து வைப்பான். அடுத்த சொல் வருவதற்குள் கடிகாரத்தைப் பார்ப்பான்.

ஒரு நாள் தன் எண் மாறிவிட்டது என்று சொல்லி, இந்த எண்ணைக் கொடுத்தான்.

"உனக்குன்னே தனி நம்பர்ண்ணே. நான் வேலையா இருந்தா மெஷின் எடுக்கும். பீப்னு சத்தம் வந்ததும் பேசு. எனக்கு வந்துரும்."

எண் மாறியது பொய். வந்துரும் என்றது பொய்யில்லை. அதை மட்டும் தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

தீபாவளிக்குப் போனபோது தெருவே பேசியது. அண்ணன் அந்த எண்ணைக் காலண்டரில் பெரிதாக எழுதி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். தம்பி தனக்கென்றே போட்டுக் கொடுத்த நம்பர் என்று. அவனுக்கு உடம்பு கூசியது.

வேலைக்குத் திரும்பினான். எதையும் மாற்றவில்லை.

இதுவரை ஒரு பதிவைக்கூடக் கேட்டதில்லை. இப்போது ஹெட்போனை மாட்டினான்.

"பூன... மூணு குட்டி... அதுல... ஒண்ணு..."

அங்கே அறுந்தது. மெஷின் ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்காது. அவன்தான் அப்படி வைத்திருந்தான்.

அடுத்த பதிவு.

"...ஒண்ணு வெள்ள."

விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தார். தேடிப் பார்த்தான். எல்லாம் அப்படித்தான். ஒன்றில் அறுந்தது அடுத்ததில் தொடர்ந்தது. ஒரு சங்கதியைச் சொல்லி முடிக்க அத்தனை தடவை எண்ணை அழுத்தியிருக்கிறார், பக்கவாதம் வந்த அந்தக் கையால்.

எதிலும் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

தன் மேலேயே அருவருப்பாக வந்தது. இன்பசெல்வி பார்க்காதபடி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கைபேசியை முதல் வரிக்கு ஏற்றினான். குரல் அஞ்சல் வரியை அழித்தான். டெஸ்ட் என்ற குறியை எடுத்தான்.

கண் மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் இத்தனை காலம்.

தானே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். தைரியம் வரவில்லை. எப்படியும் அண்ணன் கூப்பிடுகிற நேரம்தான். படிக்கட்டுப் பக்கம் போய் நின்றான்.

மணி அடித்தது.

"அண்ணே."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவசரமாக, பயந்துபோய்,

"மன்னிச்சிருங்க சார்... நம்பர... தப்பாப் போட்டுட்டேன்... தம்பிக்குப் போட்டது... அதுல யாரும்... எடுக்க மாட்டாக."

வைத்துவிட்டார்.

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

மறுபடி அடித்தது. இந்த முறை ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து அழுத்தியிருப்பார்.

எடுத்தான். மறுபடி பயந்து வைத்துவிடுவாரோ என்று பேசவில்லை.

அண்ணனும் பேசவில்லை. காத்திருந்தார்.

எதற்கு என்று புரிய ஒரு கணம் ஆனது.

கைபேசியில் ஒன்றாம் எண்ணை அழுத்தினான்.

பீப்.

"தம்பி..." அண்ணன் குரலில் நிம்மதி. "இப்ப ஒரு ஆளு... எடுத்தாரு... அப்படியே... ஒன் குரல்... எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு... நெசமாவே... நீயா இருந்தா... ஒன்ட்ட... கேக்கணும்னு..."

ஒரு நிமிடம்.

யாரும் அறுக்கவில்லை. பழக்கத்தில் அவரே பாதியில் நிறுத்தி, வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தது.

எடுத்தான்.

அண்ணன் காத்திருந்தார். மூச்சு கேட்டது.

அவன் விரல் இன்னும் ஒன்றாம் எண்ணின் மேலேயே இருந்தது.